அடுப்பை அணைத்துவிடாதீர்கள்

ஒருகொடவத்தை, தெமட்டகொடை, கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தைப் பக்கத்து உடற்பயிற்சிக் கூடங்களில் கூடி, இறைச்சி, மீன், முட்டையைச் சமைக்காமல் உண்ணும் பச்சை பேலியோ உணவு முறையைக் கைக்கொண்டிருக்கும் தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும்,

புதிதாகச் சேருகிறவர்களுக்கு நீங்கள் கொடுக்கும் அச்சிட்ட தாள் என் கைக்கு வந்தது. என்னிடம் மனைப்பொருளியல் படித்த பிள்ளை ஒருத்தி கொண்டுவந்து காட்டினாள். அவள் இப்போது கர்ப்பமாக இருக்கிறாள். இரும்புச்சத்துக் குறைவு என்று கிளினிக்கில் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் தாளிலோ, இரத்தம் ஊறுவதற்கு மாட்டு ஈரலை நாளுக்கொரு துண்டு பச்சையாகச் சாப்பிடச் சொல்லியிருக்கிறது. "ரீச்சர், இப்படிச் சாப்பிட்டால் வயிற்றுப் பிள்ளைக்கு நல்லதா?" என்று கேட்டாள். அவளுக்கு நேரே பதில் சொல்லிவிட்டேன். உங்களுக்கு எழுத்தில் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தத் தாள் அவளோடு நிற்கவில்லை. கைமாறிக் கைமாறி எத்தனையோ வீடுகளுக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

உங்கள் பக்கத்து நியாயத்தை நான் அறியாதவள் அல்ல. எங்கள் வீட்டுச் சாப்பாட்டுக் கோப்பையில் முக்கால்வாசி வெள்ளைச் சோறு. காலையில் பாணும் பருப்பும், பத்து மணிக்கு பிஸ்கட், நாலு மணிக்குச் சீனி அள்ளிப் போட்ட பிளேன்டீ, இரவில் கொத்து. நாற்பது வயதில் சீனி வருத்தம், ஐம்பதில் கால் விரல், அறுபதில் சிறுநீரகம். உங்களில் பலருடைய அப்பாமாரை இந்த வரிசையில்தான் நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். அதைப் பார்த்துப் பயந்து, சீனியையும் மாவையும் தூக்கி எறிந்துவிட்டு, முட்டை, மீன், இறைச்சி, கீரை என்று மாறினீர்கள். 2022இல் நாடு வங்குரோத்தான பிறகு முட்டைகூடப் பல வீடுகளுக்கு எட்டாக்கனி ஆனது. அந்த நேரத்திலும் காசு சேர்த்து ஒன்றாக வாங்கிப் பங்கு போட்டீர்கள் என்று கேள்விப்பட்டேன். எடை குறைந்தவர்கள் இருக்கிறார்கள், சீனியின் அளவு இறங்கியவர்கள் இருக்கிறார்கள். அதை நான் மனதாரப் பாராட்டுகிறேன்.

அந்தப் பலன் சீனியையும் மாவையும் விட்டதால் வந்தது. இறைச்சியைப் பச்சையாகத் தின்றதால் வந்ததல்ல. இந்த இரண்டையும் நீங்கள் ஒன்றாக்கிவிட்டீர்கள். தமிழில் பேலியோவை வீடு வீடாகக் கொண்டுபோன நியாண்டர் செல்வன் எழுதியதும் வாணலியில் பொரித்த முட்டையும் சமைத்த இறைச்சியும் பற்றித்தான். அடுப்பை விலக்கும் பேச்சு வேறு இடத்திலிருந்து வந்தது. அமெரிக்காவில் ஆஜோனஸ் வான்டர்பிளானிட்ஸ் என்பவர் பச்சை இறைச்சி, பச்சைப் பால், இன்னும் ஒரு படி மேலே போய் நாள்பட்டுக் கெட்ட இறைச்சிகூட மருந்து என்று பரப்பினார். பிறகு அலைபேசித் திரையில் 'லிவர் கிங்' என்பவர் வந்தார். சட்டையில்லாமல் நின்று பச்சை ஈரலைக் கடித்துக் காட்டிய அந்த உடம்பு உங்கள் கூடத்துச் சுவரில் படமாகத் தொங்குகிறது. 2022 டிசம்பரில் அதே மனிதர் தாம் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டதை ஒப்புக்கொண்டு ஒரு காணொளியில் மன்னிப்புக் கேட்டார். அந்தக் காணொளியையும் உங்கள் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுங்கள் என்று கேட்கிறேன். பதினெட்டு வயதுப் பையன் அந்தத் தசைக்கு ஈரல்தான் காரணம் என்று நம்பி வளரக்கூடாது.

உங்கள் தாளின் முதல் வரி, ஆதிமனிதன் நெருப்பில்லாமல் உண்டு நோயில்லாமல் வாழ்ந்தான் என்கிறது. இது எனக்கு மிகவும் மனவருத்தம் தந்த வரி. ஆதிமனிதனைத் தேடி நீங்கள் அமெரிக்காவுக்குப் போக வேண்டியதில்லை. களுத்துறை மாவட்டத்துக்குப் பஸ் ஏறினால் போதும். புளத்சிங்களவுக்குப் பக்கத்தில் பாஹியன்கல என்ற பெரிய குகை இருக்கிறது. தென்னாசியாவில் இதுவரை கிடைத்த நவீன மனிதர்களின் மிகப் பழைய எலும்புகளில் சில அங்கே கிடைத்தவை. ஏறக்குறைய 48,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே மனிதர் வாழ்ந்திருக்கிறார்கள். மழைக்காட்டு மரங்களில் தாவும் குரங்கையும் பெரிய அணிலையும் எலும்பு முனை அம்புகளால் வேட்டையாடியிருக்கிறார்கள். இறைச்சி தின்றவர்கள்தான், சந்தேகமில்லை. ஆனால் அங்கே கிடைத்த விலங்கெலும்புகளில் எரிந்தவையும் இருந்தன. இரத்தினபுரி மாவட்டத்தில், குருவிட்டவுக்குப் பக்கத்து பட்டதொம்பலெனவில் அடுப்புத் தடங்களும் கருகிய கெக்குணைக் கொட்டை ஓடுகளும் கிடைத்தன. தொல்லியலாளர் ஷிரான் தெரணியகலவும் அவருக்குப் பின் வந்தவர்களும் வருடக்கணக்காக மண்ணைச் சலித்து எடுத்த சான்றுகள் இவை. இந்தத் தீவின் கற்கால மனிதன் நெருப்புப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவன்.

வேடர்களையும் உங்கள் தாள் உதாரணம் காட்டுகிறது. வேடர்கள் வேட்டை இறைச்சியைச் சுட்டார்கள். மிஞ்சியதைப் பரண் கட்டி நெருப்பின் மேலே உலர்த்தினார்கள். தேனில் ஊறப்போட்டு மரப்பொந்தில் மண் பூசி வைத்தார்கள். 1681இலேயே ஆங்கிலேயரான ரொபர்ட் நொக்ஸ் இந்தத் தேன் இறைச்சியைப் பற்றி எழுதியிருக்கிறார். காட்டில் வாழ்ந்தவர்களுக்குப் பச்சை இறைச்சி எவ்வளவு சீக்கிரம் கெடும் என்று தெரிந்திருந்தது. அவர்களுடைய அறிவைத் தூக்கி எறிந்துவிட்டு அவர்களுடைய பெயரை மட்டும் எடுத்துக்கொள்வது நியாயமா?

ஹார்வர்டின் ரிச்சர்ட் ராங்கம் 2009இல் எழுதிய நூலின் வாதம், மனிதனை மனிதனாக்கியதே சமையல் என்பது. சிறிய பல்லும் ஒடுங்கிய தாடையும் குறுகிய குடலும் சமைத்த உணவுக்குப் பழகிய உடம்பின் அடையாளங்கள் என்கிறார். எல்லா ஆய்வாளரும் அவர் சொல்லும் கால அளவை ஏற்கவில்லை. ஆனால் 1999இல் வெளிவந்த ஜெர்மன் ஆய்வு ஒன்றைத் தங்கச்சிமார் கவனிக்க வேண்டும். நீண்ட காலம் பெரும்பாலும் பச்சை உணவிலேயே இருந்தவர்களைப் பார்த்தார்கள். அவர்கள் அதிகம் தின்றது பழமும் காயும். 45 வயதுக்குக் குறைந்த பெண்களில் ஏறக்குறைய 30 சதவீதத்தினருக்கு மாதவிலக்கு ஒழுங்கு கெட்டோ அடியோடு நின்றோ போயிருந்தது. உடம்பு பட்டினி கிடப்பதாக நினைத்துக்கொண்டால் முதலில் நிறுத்துவது அதைத்தான். உங்களில் யாருக்காவது அப்படி நடந்திருந்தால், உடம்பு சுத்தமாகிறது என்று சமாதானம் சொல்லி விட்டுவிடாதீர்கள்.

சமைத்தால் சத்துச் செத்துவிடும் என்கிறீர்கள். விற்றமின் சி சூட்டில் குறையும், உண்மை. பி வகைச் சத்துகள் தண்ணீரில் இறங்கும். குழம்பையும் சொதியையும் சேர்த்து உண்டால் அவையும் வயிற்றுக்குள்தான் வரும். ஆனால் முட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். சமைத்த முட்டையின் புரதத்தில் ஏறக்குறைய 90 சதவீதத்தை உடம்பு எடுக்கிறது. பச்சை முட்டையில் பாதிதான். இது 1998இல் அளந்து பார்த்து எழுதப்பட்டது. நாலு பச்சை முட்டையை மூக்கைப் பிடித்துக் குடிக்கிற தம்பி, இரண்டு அவித்த முட்டைக்குரிய பலனைத்தான் பெறுகிறான். அதோடு பச்சை வெள்ளைக் கருவில் உள்ள அவிடின், பயோட்டின் என்ற சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அவித்தால் அந்தப் பிடி விட்டுப் போகும். முட்டைக்காகச் செலவழிக்கிற காசை நினைத்தாவது அவியுங்கள். நொதியங்கள் அழிந்துவிடும் என்ற பேச்சுக்கு நீண்ட பதில் தேவையில்லை. இறைச்சியில் உள்ள நொதியங்களும் வயிற்றில் ஒரு புரதமாகத்தான் செரிக்கின்றன. நமக்குச் செரிமானம் செய்ய வேண்டியதை நம்முடைய உடம்பே சுரக்கிறது.

எல்லாவற்றையும்விட உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது இனித்தான் வருகிறது. நாங்கள் வாழும் இடத்தைக் கண் திறந்து பாருங்கள்.

காலையில் பேலியகொடையிலிருந்து மோட்டார் சைக்கிளில் மீன் வருகிறது. புறப்படும்போது பெட்டியில் ஐஸ் இருக்கிறது. பேஸ்லைன் வீதியில் நெரிசல். ஒருகொடவத்தைச் சந்தியில் கொள்கலன் லொறிகளுக்குப் பின்னால் நின்று நின்று வருகிறது. எங்கள் ஒழுங்கைக்கு வரும்போது ஐஸ் உருகி, சூரை மீன் அந்த இரத்தத் தண்ணீரிலேயே கிடக்கிறது. வெட்டும் பலகை முழுதும் ஆழமான வெட்டுத் தடங்கள், ஒவ்வொரு தடத்திலும் கருத்த கோடு. ஒரு மீனுக்கும் அடுத்த மீனுக்கும் நடுவே மீன்காரர் ஒரு கோப்பைத் தண்ணீர் ஊற்றித் துணியால் துடைக்கிறார். காலையிலிருந்து அதே துணிதான். கத்தியில் ஒட்டிய செதிலை அதே துணியில்தான் வழிக்கிறார். நான் அவரைக் குறை சொல்லவில்லை. அவர் கறிக்கு மீன் விற்கிறார். வாங்கியவர் வீட்டுக்குப் போய்க் கழுவி, சட்டியில் போட்டு, புளி ஊற்றிக் கொதிக்க வைப்பார் என்ற நம்பிக்கையில்தான் அந்த வியாபாரம் நடக்கிறது. இறைச்சிக்கடையும் அப்படித்தான், முட்டைக்கடையும் அப்படித்தான், போத்தலில் பால் கொண்டுவருகிறவரும் அப்படித்தான். இந்த நகரத்தின் உணவுச் சங்கிலி முழுவதும் கடைசியில் ஓர் அடுப்பு இருக்கிறது என்று நம்பித்தான் ஓடுகிறது. நீங்கள் அந்தக் கடைசிக் காவலை எடுத்துவிட்டீர்கள். அதற்கு முன்னால் வேறு எந்தக் காவலும் போடப்படவில்லை.

கொழும்பு வெயிலில், 30 பாகை வெப்பத்தில், சில கிருமிகள் இருபது நிமிடத்துக்கு ஒருமுறைகூட இரட்டிப்பாகலாம். உள்பகுதி 70 பாகைக்குச் சூடேறினால் அநேகமானவை செத்துவிடும். உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு அது. தேசிக்காய்ப் புளியில் ஊறவைத்தால் மீன் வெந்துவிடும் என்று தாளில் எழுதியிருக்கிறீர்கள். சதை வெளுக்கும், இறுகும். கிருமியும் புழுவும் அதனால் செத்துவிடும் என்று நம்ப முடியாது.

ஜப்பான்காரர் தின்னவில்லையா என்று கேட்பீர்கள். தின்கிறார்கள். எங்கள் கடலில் பிடித்த கெலவல்லாவே அங்கே போகிறது. அந்த மீன் படகிலேயே குடல் நீக்கப்பட்டு, ஐஸில் புதைக்கப்பட்டு, விமானம் ஏறும்வரை குளிர் குறையாமல் காக்கப்படுகிறது. பச்சையாகப் பரிமாறும் பல வகை மீன்களில் புழு சாக, அமெரிக்க விதிப்படி மைனஸ் 20 பாகையில் 7 நாட்கள் வைக்க வேண்டும். எங்கள் வீட்டுக் குளிரூட்டியின் மேல்தட்டு அந்தக் குளிரைத் தொடுமா? 2022இல் நாளுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு இருந்த நாட்டில் இருக்கிறோம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி தீவு முழுதும் கரண்ட் போனது. அன்று உங்கள் குளிரூட்டியில் இருந்த இறைச்சியை என்ன செய்தீர்கள் என்று நான் நினைத்துப் பார்க்கிறேன். இன்னொன்றும் கேளுங்கள். அவ்வளவு கவனமான ஜப்பானிலேயே 2011இல் ஓர் உணவகக் குழுமத்தின் கிளைகளில் பச்சை மாட்டிறைச்சி தின்று ஐந்து பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டு பச்சை மாட்டு ஈரல் பரிமாறுவதை அந்த நாடு சட்டம் போட்டுத் தடுத்தது. பச்சை உணவில் பழுத்த அனுபவம் உள்ளவர்களே ஈரலை விட்டுவிட்டார்கள்.

2020 நவம்பரில் ஒரு முன்னாள் மீன்பிடி அமைச்சர் ஊடகங்களுக்கு முன்னால் பச்சை மீனைக் கடித்துக் காட்டிய காணொளியையும் உங்களில் சிலர் ஆதாரமாகச் சொல்கிறீர்களாம். பேலியகொடைச் சந்தையில் கொரோனா பரவியதால் மீன் விற்பனை விழுந்து, மீனவர் குடும்பங்கள் தவித்த நேரம் அது. மீனால் அந்த நோய் வராது என்று சனங்களுக்குத் தைரியம் கொடுக்கத்தான் அவர் கடித்தார். நாளும் இப்படிச் சாப்பிடுங்கள் என்று சொல்லவில்லை.

சூரை, கெலவல்லா பற்றி ஓர் எச்சரிக்கை, சமைக்கிறவர்களுக்கும் சேர்த்து. ஐஸ் இல்லாமல் கிடந்தால் இந்த மீன்களில் ஹிஸ்டமின் என்ற நஞ்சு ஊறும். முகம் சிவக்கும், தலை இடிக்கும், உடம்பு தடிக்கும். அது கொதித்தாலும் போகாது. ஆகவே அடுப்பு எல்லாவற்றுக்கும் மருந்து என்று நான் சொல்லவில்லை. நல்ல மீனை வாங்குங்கள், வாங்கியதைச் சமையுங்கள் என்கிறேன்.

பாலுக்கு வருவோம். காய்ச்சாத பாலில் புருசெல்லா என்ற கிருமி வரலாம். விட்டு விட்டுக் காய்ச்சலும் மூட்டு வலியும் மாதக்கணக்கில் ஆளைப் படுத்தும். மாட்டிலிருந்து காசநோயும் வரும். பால் பொங்கினால்தான் எங்களுக்குப் பொங்கலே. குழந்தைக்கு ஒரு கிளாஸ் பாலைக் காய்ச்சாமல் கொடுத்த தாயை எங்கள் பாட்டிமார் சும்மா விட்டிருப்பார்களா?

அந்தக் கர்ப்பிணிப் பிள்ளைக்குச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், தாளில் சேர்த்துக்கொள்ளுங்கள். 100 கிராம் மாட்டு ஈரலில் ஏறக்குறைய 5,000 மைக்ரோகிராம் விற்றமின் ஏ இருக்கிறது. வளர்ந்தவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு உச்ச அளவே 3,000. கர்ப்பத்தின் முதல் மாதங்களில் இது மிஞ்சினால் பிள்ளையின் உறுப்புகள் பழுதாகலாம். சமைத்தாலும் இந்தச் சத்துப் பெரிதாகக் குறையாது. ஆகவே கர்ப்ப காலத்தில் ஈரலையே தள்ளி வையுங்கள் என்றேன். பச்சை இறைச்சியில் வரும் டொக்ஸோபிளாஸ்மாவும் லிஸ்டீரியாவும் தாய்க்கு ஒரு சின்னக் காய்ச்சலோடு போய்விட்டு, வயிற்றுப் பிள்ளையைத் தாக்கக்கூடியவை. கிளினிக்கில் தந்த இரும்புக் குளிசையைத் தேநீரோடு சேர்க்காமல் போடச் சொன்னேன். நெத்தலி, அவித்த முட்டை, பருப்பு, தேசிக்காய் பிழிந்த கீரைச் சுண்டல் சாப்பிடச் சொன்னேன். இவ்வளவுதான். இதில் விலை கூடிய பொருள் ஒன்றும் இல்லை.

உங்கள் தாளின் கடைசிப் பகுதியைப் படித்தபோது எனக்குக் கை நடுங்கியது. "மாத்திரைகளை மெல்ல மெல்ல விட்டுவிடலாம்" என்று இருக்கிறது. யார் இதை எழுதியது? சோற்றையும் பாணையும் திடீரென்று நிறுத்திய ஒருவர், இன்சுலினோ கிளிக்கிளசைட்டோ பழைய அளவிலேயே எடுத்தால் சீனி தடாலென்று விழுந்து மயங்கியும் போகலாம். மாறாக, மருந்தைத் தானாக நிறுத்தினால் சீனி ஏறும். சில புதிய குளிசைகளோடு மாச்சத்தை அடியோடு விட்டால், சீனி அளவு சாதாரணமாகக் காட்டும்போதே இரத்தத்தில் அமிலம் ஏறிவிடவும் கூடும். உணவை மாற்றினால் மருந்தையும் மாற்ற வேண்டிவரும் என்பது சரிதான். அதை மாற்ற வேண்டியவர் வைத்தியர். பயிற்சி சொல்லித் தரும் அண்ணாவும் இல்லை, நானும் இல்லை.

காலையில் வெறும் வயிற்றில் காமரங்காய்ச் சாறும் விளிம்பிக்காய்ச் சாறும் குடிக்கச் சொல்லும் வரியையும் எடுத்துவிடுங்கள். அவற்றின் ஒக்சலேட்டால் சிறுநீரகம் பழுதானவர்களைப் பற்றி எங்கள் நாட்டு வைத்தியர்களே மருத்துவ இதழ்களில் எழுதியிருக்கிறார்கள். ஊறுகாயில் ஒரு துண்டு வேறு, கிளாஸ் நிறையச் சாறு வேறு.

பச்சையாக உண்ணவே கூடாது என்று நான் சொல்வதாக எண்ண வேண்டாம். வல்லாரைச் சம்பல், வெங்காயச் சம்பல், கரட் பச்சடி, தேங்காய்ச் சம்பல், கொய்யா, பப்பாசி, இளநீர்: எங்கள் சாப்பாட்டில் பச்சைக்கு எப்போதும் ஓர் இடம் உண்டு. நீங்கள் தேடும் விற்றமின் சி அங்கேதான் இருக்கிறது. அதைக் கூட்டுங்கள். ஆனால் வல்லாரையும் கங்குனும் வளர்வது நகரத்தைச் சுற்றிய சதுப்பில் என்பதை மறக்காதீர்கள். 2016 மே மாதத்தில் களனி கங்கை பெருகி வெல்லம்பிட்டி, கொலன்னாவைப் பக்கம் வீட்டுக்குள் தண்ணீர் நின்றதும், 2025 நவம்பர் முடிவில் டித்வா புயலில் மறுபடி பெருகியதும் உங்களுக்கே தெரியும். மலசலகூடக் குழியும் கிணறும் கீரைப் பாத்தியும் ஒன்றாகிவிடும் நாட்கள் அவை. ஓடும் குழாய்த் தண்ணீரில் இலை இலையாகக் கழுவுங்கள். வெள்ளம் வடிந்த வாரங்களில் கீரையையும் அவித்தே உண்ணுங்கள். அப்போது நெருப்புக் காய்ச்சலும் செங்கமாரியும் யார் வீட்டுக் கதவைத் தட்டும் என்று சொல்ல முடியாது.

சுகதேகியான இருபத்தைந்து வயது இளைஞன் ஒருவன் பச்சை இறைச்சியைத் தின்று ஒரு வருடம் ஒன்றும் ஆகாமல் இருக்கலாம். எனக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று அவன் சொல்வதை நம்பித்தான் அடுத்தவர்கள் சேருகிறார்கள். அந்த அடுத்தவர் ஒரு கர்ப்பிணியாக இருக்கலாம், சிறுநீரகம் பழுதான ஒரு தகப்பனாக இருக்கலாம், மூன்று வயதுப் பிள்ளையாக இருக்கலாம். உங்கள் உடம்பைப் பற்றி முடிவெடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. தாள் அச்சடித்துக் கொடுக்கத் தொடங்கிய நாளிலிருந்து மற்றவர்களுடைய உடம்புக்கும் நீங்கள் பொறுப்பாளிகள்.

ஆகவே உங்களிடம் கேட்கிறேன். சீனியையும் மாவையும் குறைக்கச் சொல்லும் பகுதியை அப்படியே வைத்திருங்கள். இறைச்சி, மீன், முட்டை, பால் ஆகியவற்றுக்கு முன்னால் உள்ள "பச்சை" என்ற சொல்லை வெட்டிவிடுங்கள். அவித்து, சுட்டு, கறியாக்கி, காய்ச்சி என்று எழுதுங்கள். எண்ணெயில் கருகப் பொரிப்பது பிடிக்கவில்லையென்றால் ஆவியில் அவியுங்கள், சொதி வையுங்கள், மீனை வாழையிலையில் சுற்றிச் சுடுங்கள். மாத்திரை பற்றிய வரியை நீக்கி, கிளினிக் புத்தகத்தோடு வைத்தியரைக் காணாமல் யாரும் தொடங்கக்கூடாது என்று கொட்டை எழுத்தில் போடுங்கள். உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போய், குடும்பநல உத்தியோகத்தரையோ பொதுச் சுகாதாரப் பரிசோதகரையோ ஒரு நாள் வந்து பேசும்படி கேளுங்கள், கூப்பிட்டால் வருவார்கள். கொடுத்த பழைய தாள்களைக் கேட்டுத் திரும்ப வாங்குங்கள்.

புதிய தாளை எழுத நானும் வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை உங்கள் பயிற்சி முடிந்ததும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். சண்டை பிடிக்க விரும்புகிறவர்களும் வரட்டும், கேள்விகளை எழுதிக்கொண்டு வரட்டும். ஒரு காஸ் அடுப்பும் சட்டியும் நான் கொண்டுவருவேன்; மீனை நீங்கள் வாங்கி வாருங்கள், ஐஸோடு. உங்கள் பதிலை இந்த வாரத்துக்குள் எதிர்பார்க்கிறேன்.

அன்புடன்,
ஒருகொடவத்தையிலிருந்து
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்